உளுந்துக்கு யார் விலை வைக்கிறார்கள்? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி (தாம்வே வாசகி): உளுந்து விளைவது நம் பர்மாவின் பெகுவிலும் ஐராவதியிலும். ஆனால் கடையில் கேட்டால் "மெட்ராஸில் ஏறிடுச்சு அக்கா" என்று விலையை ஏற்றுகிறார்கள். ரங்கூனில் இட்லிக்கு ஊறப்போடும் எனக்கும் மெட்ராஸுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: முழுச் சம்பந்தமும் இருக்கிறது அம்மா. மட்பே என்று இங்கே சொல்லும் உளுந்தைச் சாப்பிடுவது நம்மைப் போலக் கொஞ்சம் பேர்தான். பர்மியர் வீட்டில் கடலைப்பருப்புக்கு இருக்கும் இடம் உளுந்துக்குக் கிடையாது. விளைவதில் பெரும்பகுதி கப்பலேறி இந்தியாவுக்குப் போகிறது. ஜப்பான்காரர்களும் கறுப்பு உளுந்தை முளைகட்டிச் சாப்பிட வாங்குவார்கள், ஆனால் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதனால் பயின்னௌங் மொத்தச் சந்தையில் காலையில் கடை திறப்பவர் முதலில் சென்னைக்குத்தான் போன் போடுகிறார், எஸ்.க்யூ. (உயர்ந்த ரகம்) என்ன விலை, எஃப்.ஏ.க்யூ. (நடுத்தர ரகம்) என்ன விலை என்று கேட்டு, டாலரை நம் பர்மா நாணயமான சாட்டாக்கி, கப்பல் கூலியைக் கழித்துவிட்டு உங்கள் கடைக்காரருக்கு ஒரு விலை சொல்கிறார். நீங்கள் வாங்குவது பெகு உளுந்துதான், கொடுப்பது சென்னை விலை.

கேள்வி (பெகு வாசகர்): இந்தியா 2022இல் பிரிட்டனையே தாண்டி உலகத்தில் ஐந்தாவது பெரிய பொருளாதாரமாகிவிட்டது, இனி அவர்களுக்கு உளுந்து எவ்வளவு கொடுத்தாலும் போதாது, அறுவடையில் வாங்கி அடுக்கிவைத்து மழைக்காலத்தில் விற்றால் இரட்டிப்பு லாபம் என்கிறான் என் மகன். நகையை அடகு வைத்துப் பணம் தரச் சொல்கிறான். தரலாமா?

பதில்: நகை பெட்டியிலேயே இருக்கட்டும் ஐயா. மீதியை அப்புறம் பேசுவோம்.

தம்பி சொன்ன கணக்கில் தப்பில்லை, இந்தியா வளர்கிறது. ஆனால் வளர்கிற நாடு வாங்கிக்கொண்டே இருக்கும் என்று யார் சொன்னது? 2015இல் இந்தியாவில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாய் வரைக்கும் போனது, உளுந்தும் எகிறியது. நம் சந்தையில் எல்லோர் முகத்திலும் கல்யாணக் களை. விலையைப் பார்த்து இந்திய விவசாயியும் பருப்பு விதைத்தார், 2016இல் மழையும் நன்றாகப் பெய்தது, 2016-17இல் அங்கே பருப்பு வகைகளின் விளைச்சல் சுமார் 2.3 கோடி டன், அதுவரை காணாத அளவு. அரசு அறிவித்த ஆதார விலைகூடக் கிடைக்காமல் அங்கே விவசாயிகள் கத்த ஆரம்பித்தார்கள். உடனே 2017 ஆகஸ்டில் டெல்லியிலிருந்து அடுத்தடுத்து இரண்டு உத்தரவு: துவரை வருடத்துக்கு 2 லட்சம் டன்தான் இறக்குமதி, உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து 3 லட்சம் டன்தான். அந்த வருடமும் இந்தியா வளர்ந்துகொண்டுதான் இருந்தது, அதையும் கவனியுங்கள்.

எனக்கு இது செய்தித்தாளில் படித்த கதை இல்லை. கிட்டங்கியில் என் மூட்டைகள் இருந்தன. ஆகஸ்ட் மாத ரங்கூன் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வெளியே தெருவில் முழங்கால் தண்ணீர், உள்ளே ஈரம் ஏறி வண்டு விழுகிற உளுந்து, வாங்குகிறேன் என்று வாய்ச்சொல் கொடுத்த ஆள் போனையே எடுக்கவில்லை. எவ்வளவு போனது என்று எழுத மாட்டேன், வீட்டில் இந்தப் பகுதியைப் படிக்கிறார்கள்.

அப்புறம் 2021 மே மாதம் கதவு மறுபடி திறந்தது. ஜூனில் இரண்டு அரசுகளும் கடிதம் மாற்றிக்கொண்டு, வருடத்துக்கு 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை, 2025-26 வரை ஐந்து வருடத்துக்கு என்று எழுதினார்கள். நம் மேல் பாசம் வந்ததாலா? இல்லை, அங்கே பருப்பு விலை ஏறிவிட்டது. மூடினபோது அவர்கள் பார்த்தது தங்கள் விவசாயியின் முகத்தை, திறந்தபோது பார்த்தது தங்கள் வீட்டுப் பெண்களின் மளிகைச் சீட்டை. நாம் அந்தக் கணக்கிலேயே இல்லை. நாமும் தமிழர், வாங்குகிறவரும் தமிழர் என்ற உறவெல்லாம் டீ குடிக்கிற வரைக்கும்தான்.

இன்னொன்று, பெரிய வாங்குபவர் ஒரே கடையில் நிற்க மாட்டார். துவரைக்கு மொசாம்பிக்கோடும் மலாவியோடும் இதே மாதிரி ஒப்பந்தம் போட்டார்கள். உளுந்து பிரேசிலிலிருந்தும் இப்போது அவர்களுக்கு வருகிறது. பிரேசில்காரனுக்கு இட்லி தெரியுமா என்று சிரிக்காதீர்கள், நம் பக்கத்து பர்மியருக்கும்தான் உளுந்து வேண்டாம், விளைவிக்கவில்லையா?

மகனுக்கு வியாபார ஆசை இருப்பது நல்லதுதான். நகை இல்லாமல் முதலில் கமிஷனுக்கு நிற்கட்டும், ஈரப்பதம் பார்க்க, கல்லும் தூசியும் கழித்து எடை போடக் கற்றுக்கொள்ளட்டும். பிப்ரவரி மார்ச்சில் அறுத்ததை மழைக்கு முன்னால் தள்ளிவிடுகிறவன்தான் நிம்மதியாகத் தூங்குகிறான். கைப்பணம் சேர்ந்தால் பாசிப்பயறையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், அதற்குச் சீனாவும் வாசல், ஐரோப்பாவும் வாசல். 2022 பிப்ரவரியில் இந்தியா பாசிப்பயறுக்கு மறுபடி கட்டுப்பாடு போட்டபோது, அதை நம்பியவர்களுக்கு ஓட வேறு வழியாவது இருந்தது. உளுந்துக்காரனுக்கு ஒரே வாசல். கட்டாயம் உளுந்துதான் என்றால், மத்தியப் பிரதேசத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் ஜூலை ஆகஸ்டில் மழை எப்படி என்று பார்க்கச் சொல்லுங்கள். அங்கே விளைச்சல் கொட்டினால் இங்கே மூட்டை தேங்கும்.

கேள்வி (மாண்டலே வாசகர்): இங்கே எல்லாம் சீனச் சரக்கு, சீன வண்டி. இந்தியா இந்தியா என்று எழுதுகிறீர்களே, கண்ணுக்கே தெரியவில்லையே?

பதில்: மாண்டலேயிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும், மூசே சீன எல்லை உங்களுக்குப் பக்கம். சீனா இங்கே காசை மண்ணில் புதைத்திருக்கிறது: நம் மேற்குக் கடற்கரைக் கியாக்பியுவிலிருந்து சீனாவின் யுன்னானுக்கு எரிவாயுக் குழாய் 2013இல், கச்சா எண்ணெய்க் குழாய் 2017இல் ஓட ஆரம்பித்தன. இந்தியாவும் அதே கரையில் சித்வேயில் துறைமுகம் கட்டி 2023 மே மாதம் கொல்கத்தாவிலிருந்து சிமெண்ட் கப்பலைக் கொண்டுவந்தது, ஆனால் அங்கிருந்து மிசோரம் போகும் வழியில் ஆற்றுப் பயணத்துக்கு அப்புறம் வரவேண்டிய சாலை பாதியில் நிற்கிறது. சீனா வந்தால் குழாய் போடும், இந்தியா சுற்றறிக்கை போடும் என்று எங்கள் சந்தையில் கேலி செய்வார்கள். சீனா பக்கமும் சுகமில்லை, 2023 அக்டோபரில் வடக்கே சண்டை மூண்டு எல்லை வாசல்கள் அடைபட்டபோது பட்ட பாடு உங்கள் ஊர் லாரிக்காரர்களுக்குத் தெரியும்.

கேள்வி (ரங்கூன் வாசகர்): டாலர் இல்லாமல் ரூபாயிலேயே ஏற்றுமதி செய்யலாம் என்கிறார்களே, லாபமா?

பதில்: 2024 ஜனவரியிலிருந்து பஞ்சாப் நேஷனல் வங்கி வழியாக ரூபாய்-சாட் கணக்கு இருக்கிறது. இந்தியாவிலிருந்து மருந்து இறக்குகிறவரா நீங்கள்? அப்படியானால் வந்த ரூபாய் அங்கேயே செலவாகும், நல்லது. வெறும் உளுந்து மட்டும் விற்கிறவருக்கு ரூபாயை வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பது என்று ஆள் தேடும் வேலை மிச்சம்.

கேள்வி (தன்லின் மாணவி): இங்கே எடை போடும் 'விஸ்' தமிழ்ச் சொல்லா?

பதில்: ஆமாம் கண்ணு, நம் வீசைதான் ஆங்கிலேயர் வாயில் விஸ் ஆனது. பர்மியர் அதைப் பெய்த்தா என்பார்கள். ஆனால் மெட்ராஸ் வீசை சுமார் 1.4 கிலோ, இங்கே 1.63 கிலோ. தாத்தாவின் பழைய கணக்கு நோட்டைப் பார்க்கும்போது எந்த ஊர் வீசை என்று முதலில் கேட்டுக்கொள்.