ஃபிரெண்ட்ஷிப் பேண்ட் ஆப்புக்குச் சந்தா கட்டலாமா?

கேள்வி: ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஃபிரெண்ட்ஷிப் பேண்ட் பின்னக் கற்றுத்தரும் ஆப் ஒன்றை என் போனில் இறக்கியிருக்கிறாள். முதல் 7 நாள் இலவசமாம், பிறகு வருடச் சந்தா. அந்த இலவச நாட்களுக்கே, கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் யுபிஐ ஆட்டோபே ஒப்புதல் கேட்கிறது. ஆகஸ்ட் முதல் ஞாயிறு நண்பர்கள் தினத்துக்குள் 10 பேருக்குப் பின்னிவிட வேண்டும் என்கிறாள். கட்டலாமா? நூலுக்கு ஆன்லைன் கிட் வாங்கலாமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: இப்போது கட்ட வேண்டாம். அந்தப் பணத்துக்கு நல்ல நூல் வாங்கிக் கொடுங்கள்.

இந்தப் பின்னலுக்கு அடிப்படை நான்கே முடிச்சுகள்தான். இடப்பக்க நூலை வலப்பக்க நூலின் மேல் 4 என்ற எண் போல மடித்து, அடியில் நுழைத்து மேலே இழுக்க வேண்டும். அதையே இன்னொரு முறை செய்தால் ஒரு முடிச்சு. அப்படியே திருப்பிப் போட்டால் இரண்டாவது. முதல் பாதியை ஒரு திசையிலும் மறு பாதியை எதிர்த் திசையிலும் போட்டால் மற்ற இரண்டும் வந்துவிடும். பின்னல் வரைபடங்களில் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் இருக்கும் அம்புக்குறி இந்த நான்கில் எது என்பதைத்தான் சொல்கிறது. அம்புக்குறி படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு எந்த டிசைனும் பூட்டிக் கிடக்காது. பிரேஸ்லெட்புக் போன்ற தளங்களில் வரைபடங்கள் இலவசமாகவே குவிந்திருக்கின்றன. முடிச்சைக் காட்டும் யூடியூப் வீடியோக்களுக்கும் குறைவில்லை.

ஆரம்பத்தில் எல்லோருக்கும் தடுமாற்றம் தருவது ஓரிடம். எந்த நூலைச் சுற்றி முடிச்சு விழுகிறதோ, அதை விறைப்பாகப் பிடிக்க வேண்டும். அது தளர்ந்தால் தவறான நிறம் மேலே வந்துவிடும். இதை எந்த ஆப்பும் கைக்குச் சொல்லித்தர முடியாது, பின்னிப் பின்னித்தான் பழகும். வீட்டில் ஒயர் கூடை போட்ட அத்தையோ பாட்டியோ இருந்தால் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். நூலை விறைப்பாகப் பிடிக்கும் பழக்கம் அவர்கள் விரலில் இருக்கும்.

ஆப்பே வீண் என்று சொல்லவில்லை. எத்தனையாவது வரிசையில் நிற்கிறோம் என்று குறித்து வைப்பதும், நிறத்தை மாற்றிப் பார்த்து சொந்தமாக டிசைன் போடுவதும் அதில் நிஜமாகவே வசதி. மகள் இரண்டு மூன்று கயிறு பின்னி முடித்த பிறகும் ஆசை விடவில்லை என்றால், மாதச் சந்தா மட்டும் எடுங்கள். அதற்கு முன் இலவசப் பகுதியில் மூன்றைப் பாருங்கள்: நெட் இல்லாமல் வேலை செய்கிறதா, விட்ட வரிசையை நினைவில் வைக்கிறதா, பின்னிக்கொண்டிருக்கும்போது குறுக்கே விளம்பரம் வருகிறதா. இரண்டு கையிலும் நூல் இருக்கும் பிள்ளையால் விளம்பரத்தை மூட முடியாது.

இலவச நாட்களுக்கே ஆட்டோபே கேட்பது பற்றி ஒரு வார்த்தை. ஆப்களும் தளங்களும் வாடிக்கையாளரை ஏமாற்றும் உத்திகளுக்கு (டார்க் பேட்டர்ன்) எதிராக மத்திய அரசு 2023 நவம்பரில் அறிவித்த வழிகாட்டுதல்கள், இலவசச் சந்தாவுக்காகப் பணம் செலுத்தும் விவரத்தையோ தானியங்கிப் பற்றுக்கான ஒப்புதலையோ கட்டாயப்படுத்துவதைச் சந்தாப் பொறி என்றே வகைப்படுத்துகின்றன. உங்களுக்கு எழுந்த சந்தேகம் மிகச் சரியானது.

இனி நூல். கிட் விளம்பரங்களில் நிறங்களின் எண்ணிக்கைதான் பெரிதாக இருக்கும். ஒவ்வொரு நிறமும் எத்தனை மீட்டர் என்று தேடிப் பாருங்கள், அது இல்லாத கிட்டை வாங்காதீர்கள். என்னைக் கேட்டால் கிட்டே தேவையில்லை. பக்கத்துத் தையல் சாமான் கடையிலோ, பாரிஸ் கார்னர், சவுகார்பேட்டை பக்கமோ போய், ஆறு இழை காட்டன் எம்பிராய்டரி நூல் என்று கேளுங்கள். ஆங்கர் போன்ற பிராண்டில் ஒரு கண்டில் 8 மீட்டர் இருக்கும். எம்பிராய்டரிக்குப் போல இழை பிரிக்காமல், ஆறையும் சேர்த்து ஒரே நூலாகப் பின்ன வேண்டும். வளையலுக்குச் சுற்றும் பட்டு நூலைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வழுக்கும், முடிச்சு நிற்காது.

ஆறு நிறத்தில் அம்பு முனை டிசைன் என்றால், நிறத்துக்கு 2 மீட்டர் வெட்டி இரண்டாக மடிக்க வேண்டும். ஒரு கயிற்றுக்கு 12 மீட்டர், பத்துக்கு 15 கண்டு. சாய்கோடு டிசைனுக்கு ஒரு மீட்டர் நூல் ஆறு போதும், செலவு பாதி, கற்பதும் எளிது. அதிலிருந்து தொடங்கட்டும். வாங்கிய அன்றே அடர் சிவப்பையும் கறுப்பையும் ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் பள்ளிச் சட்டைக் கையில் கறை விழும்.

கேள்வி: இதே போன்ற கைவினை ஆப் ஒன்றை மகன் கேட்டான் என்று போட்டேன். பிடிக்காமல் இரண்டாம் நாளே போனிலிருந்து அழித்துவிட்டேன். ஆனாலும் நேற்று ஒரு வருடப் பணம் எடுத்துவிட்டார்கள். ஓடிபி கூட வரவில்லை. திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: இன்றே செய்யுங்கள், நாளைக்குத் தள்ளாதீர்கள். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் பகுதிக்குள் சந்தாக்களைத் திறந்து ரத்து செய்ய வேண்டும். யுபிஐ செயலியிலும் ஆட்டோபே பகுதியில் அந்த ஒப்புதலை நீக்குங்கள். பணம் போய் 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடமே ரீஃபண்ட் கேட்கலாம், தாண்டிவிட்டால் ஆப் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். ஐபோன் என்றால் ஆப்பிளின் ரிப்போர்ட் எ ப்ராப்ளம் பக்கத்தில் கேளுங்கள்.

முதலில் ஒப்புதல் தந்துவிட்டால், 15,000 ரூபாய் வரையிலான தொடர் பற்றுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் அனுப்ப வேண்டும் என்பதும் அதே விதிதான். பழைய எஸ்எம்எஸ், மின்னஞ்சல்களைத் தேடுங்கள். அப்படி எதுவுமே வரவில்லை என்றால் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

நிறுவனம் பதில் சொல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அழைக்கும் முன் பணம் போன பதிவு, ரத்து செய்த திரை, நீங்கள் எழுதிய மின்னஞ்சல் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணமும் கிடையாது.