எம்பிபிஎஸ் முதல் வருடம்: எஃப்டியை உடைக்கலாமா, கடன் வாங்கலாமா?

கேள்வி: திருப்பூரில் சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருக்கிறேன். வயது 48, ஆண்டு வருமானம் சுமார் 6 லட்சம். மகளுக்குத் தனியார் மருத்துவக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் வருடத்துக்கு 4.5 லட்சம், விடுதியும் சாப்பாடும் 1.5 லட்சம். கையில் 6 லட்சம் எஃப்டி, வீட்டில் 15 பவுன், கடனில்லாத சொந்த வீடு. முதல் வருடத்தை எஃப்டியில் ஓட்டிவிட்டு, கடனை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். சரியா? வேறு என்ன செலவு வரும்?

பதில்: முதலில் மகளுக்கு வாழ்த்துச் சொல்லிவிடுங்கள். ஆனால் எஃப்டியைத் தொடாதீர்கள். கடனை இந்த வருடமே, முழுப் படிப்புக்கும் சேர்த்து வாங்குங்கள்.

கணக்கைப் பாருங்கள். நாலரை வருடப் படிப்புக்குக் கட்டணம் மட்டும் 20 லட்சத்தைத் தாண்டுகிறது, அப்புறம் ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன் (மருத்துவமனைப் பயிற்சி), ஆக அஞ்சரை வருட விடுதிச் செலவையும் சேர்த்தால் 28 லட்சத்துக்கு மேல் போகிறது. எஃப்டியை இப்போதே கரைத்துவிட்டால் அடுத்த வருடக் கட்டணம் கட்டும் நேரத்தில் ஆர்டர் கொஞ்சம் டல்லடித்தாலும் மார்வாடி கடைக்கோ மீட்டர் வட்டிக்காரரிடமோதான் போய் நிற்பீர்கள். வங்கியோ மொத்தப் படிப்புக்கும் ஒரே தடவையில் அனுமதி கொடுத்துவிட்டு, வருடா வருடம் அந்தந்த வருடக் கட்டணத்தை மட்டும் நேராகக் கல்லூரிக்கு அனுப்பும். எடுத்த தொகைக்குத்தான் வட்டி ஓடும், அதுவும் படிக்கும் காலத்தில் தனிவட்டி.

10% வட்டி என்று வைத்துக்கொண்டால் முதல் வருடம் எடுக்கும் 4.5 லட்சத்துக்கு மாதம் 3,750 ரூபாய். அதை மாதாமாதம் கட்டிவிடுங்கள், படிக்கும்போதே வட்டி கட்டுபவர்களுக்குப் பல பொதுத்துறை வங்கிகள் 1% குறைக்கின்றன. கட்டாமல் விட்டால் அதுவும் அசலில் ஏறி, படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும்போது உங்கள் மகள் தலையில் உட்காரும்.

வழக்கமாக 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கி சொத்து அடமானம் கேட்கும். அதற்கு முன், உங்கள் கல்லூரி மத்திய அரசின் கல்விக்கடன் திட்டமான பிஎம் வித்யாலக்ஷ்மி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடமானமே இல்லாமல் கடன் கிடைக்க வழி இருக்கிறது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்பதால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3% வட்டி மானியமும் கேட்கலாம், ஆனால் அது ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்குத்தான், எனவே தள்ளிப்போடாதீர்கள். பட்டியலில் இல்லையென்றால் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பதில் தப்பில்லை. நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

அடுத்து, முதல் வருடச் செலவு. முக்கியப் பாடங்கள் மூன்றுதான்: அனாட்டமி (உடலமைப்பு), பிசியாலஜி (உடலியக்கம்), பயோகெமிஸ்ட்ரி (உயிர்வேதியியல்). ஆனால் புத்தகங்களைப் பார்த்தால் பயந்துவிடுவீர்கள், அனாட்டமி மட்டுமே இரண்டு மூன்று பாகம் வரும். எல்லாவற்றையும் சேர்ந்த வாரமே புதிதாக வாங்கவேண்டாம். என் அக்கா மகன் அப்படித்தான் கடையிலிருந்து புது எலும்பு செட் வாங்கினான், பத்து நாள் கழித்து சீனியர் ஒருத்தர் பாதி விலைக்குத் தருகிறேன் என்று வந்து நின்றார். எலும்புகள், வெள்ளைக் கோட்டு, டிசெக்‌ஷன் பாக்ஸ் (உடலை அறுத்துப் படிக்கும் கருவிப் பெட்டி), முழங்காலைத் தட்டிப் பார்க்கும் சுத்தியல் எல்லாமே சீனியர் கையிலிருந்து ஜூனியர் கைக்குப் போகிற சாமான்கள்தான். ஸ்டெதஸ்கோப்பை மட்டும் ஓரளவு நல்லதாக வாங்கிக்கொடுங்கள். வீடியோ பாட ஆப்களின் பல வருடப் பேக்கேஜை முதல் மாதமே தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டாம். டேப்லெட் வேண்டும் என்று கேட்டால், கேட்கத்தான் செய்வாள், செமத்தியாக ஒன்று வாங்குவதற்குப் பதில் சுமாரானது போதும்.

சாப்பாட்டுக் கட்டணம் நிலையானதா, டிவைடிங் முறையா என்று விசாரியுங்கள். டிவைடிங் என்றால் அந்த மாதச் சாப்பாட்டுச் செலவை மாணவர்களுக்குள் பங்கு போடுவது, மாதாமாதம் பில் ஏறி இறங்கும். அதற்கும் ரெக்கார்டு நோட்டு, பரீட்சைக் கட்டணம், ஊருக்கு வந்துபோவது என்று சில்லறைச் செலவுக்கும் சேர்த்து 50,000 ரூபாயைத் தனியாக எடுத்துவையுங்கள்.

ட்யூஷன் எடுத்துச் சம்பாதிக்கிறேன் என்று மகள் சொன்னால் இந்த ஒரு வருடமாவது வேண்டாம் என்று சொல்லுங்கள். தியரிக்கு 75%, பிராக்டிகலுக்கு 80% வருகை வேண்டும். பகலில் வகுப்பும் டிசெக்‌ஷன் ஹாலும் போக, ராத்திரி உள்மதிப்பீட்டுத் தேர்வுக்குப் படிக்கவேண்டும். ப்ளஸ் டூவில் முதலிடம் வந்த பிள்ளைகள்கூட முதல் இன்டர்னலில் ஃபெயிலாகி அழுவது சகஜம், பதறாதீர்கள். ஆனால் ஆண்டுத் தேர்வில் ஃபெயிலாகி, துணைத்தேர்விலும் ஃபெயிலானால் ஜூனியர் பேட்சோடு உட்காரவேண்டியதுதான். முதல் வருடத் தேர்வை எழுத மொத்தம் நாலு வாய்ப்புதான். ஒரு வருடம் தள்ளினால் விடுதிச் செலவும் ஒரு வருடம் நீளும். எஃப்டியைத் தொடவேண்டாம் என்றது இதற்காகவும்தான்.

கடைசியாக, கடனில் நீங்களும் கூட்டுக்கடனாளி. வங்கியில் கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் பெயரில் 50 லட்சத்துக்கு ஒரு டேர்ம் பாலிசி (ஆயுள் காப்பீடு) எடுத்துவிடுங்கள், உங்களுக்கு ஏதாவது ஆனால் கடன் சுமை குடும்பத்தின் மேல் விழாது. சர்க்கரை, பிரஷர் இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள்.