“தூங்குகிற மகளின் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன்”

கேள்வி: எனக்கு ஒன்பது வயதில் ஒரே மகள். ராத்திரி அவள் தூங்கிய பிறகு எழுந்து எழுந்து போய், மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். பள்ளி வேன் கொஞ்சம் தாமதமானாலும் ஓட்டுநருக்கு போன் மேல் போன் போடுவேன். லேசான சளி என்றால்கூட நெட்டில் நோய்களைத் தேடிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பேன். ‘இது பைத்தியக்காரத்தனம்’ என்கிறார் கணவர். இப்போது மகளும் படுக்கும் முன் “அம்மா, எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். என் பயத்தை அவளுக்கும் கொடுத்துவிட்டேனா? — பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, முதலில் ஒன்று. இது பைத்தியக்காரத்தனம் இல்லை. இந்த வார்த்தையை வீட்டில் இனி யாரும் சொல்ல வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்லுங்கள். என்னிடம் ஆலோசனைக்கு வரும் பெற்றோரில் ராத்திரி எழுந்து மூச்சைப் பார்க்கிற அம்மாக்கள் உண்டு, அப்பாக்களும் உண்டு. வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வருடக்கணக்கில் தனியாகச் சுமக்கிறார்கள்.

அந்த விரல் வைக்கிற நொடியைக் கொஞ்சம் கவனியுங்கள். மூச்சுக் காற்று விரலில் படுகிறது. நெஞ்சுப் படபடப்பு அடங்குகிறது. ‘அப்பாடா’ என்று வந்து படுக்கிறீர்கள். சிறிது நேரத்தில் மறுபடி மனசு அடித்துக்கொள்கிறது. ஏன்? அந்த ‘அப்பாடா’ மூளைக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுக்கிறது: ‘பார்த்தேன், அதனால்தான் நிம்மதி வந்தது.’ பார்க்காவிட்டாலும் குழந்தை நன்றாகத்தான் தூங்கியிருப்பாள், பார்க்காவிட்டாலும் அந்தப் படபடப்பு தானாக அடங்கியிருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள மூளைக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. சொறியச் சொறிய அரிப்பு கூடுவது மாதிரிதான் இது. வேன் ஓட்டுநருக்குப் போடும் போனும், நெட்டில் நோய் தேடுவதும் இதே கதைதான்.

அதற்காக ‘நாளையிலிருந்து பார்க்கவே மாட்டேன்’ என்று சபதம் எடுக்காதீர்கள். சபதம் உடைந்தால் குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்ளும். இன்று ராத்திரி எழுந்து போகத் தோன்றும்போது, பத்து நிமிடம் கழித்துப் போகலாம் என்று தள்ளிப்போடுங்கள். உட்கார்ந்திருங்கள். பயம் ஏறும், நெஞ்சு அடிக்கும், அப்புறம் மெல்ல இறங்கும். அந்த இறக்கத்தை நீங்களே உடம்பில் உணர வேண்டும், அதுதான் மருந்து. பத்து நிமிடம் பழகியதும் இருபது ஆக்குங்கள். பிறகு ராத்திரிக்கு ஒரே முறை, அதுவும் வாசலில் நின்று பார்ப்பதோடு சரி. கணவர் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: ‘ஒண்ணும் இல்ல, நான் பார்த்துட்டேன்’ என்று உறுதி கொடுக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பத்து நிமிடத்தைக் கடக்கத் துணையாக இருப்பது. வேன் விஷயத்தில் ஓட்டுநரிடமே பேசி, இத்தனை நிமிடத்துக்கு மேல் தாமதமானால் அவரே சொல்வார் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

பகலில் வரும் கவலைகளுக்கு வேறு வழி. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் உடன் பணியாற்றியவர்களும் 1983இல் சொன்ன முறை, இன்றும் பயன்படுகிறது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அரை மணி நேரம் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்குங்கள். படுக்கப் போகும் நேரமாக மட்டும் அது இருக்க வேண்டாம். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு சீட்டில் குறித்து வைத்துவிட்டுக் கையில் இருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். அந்த அரை மணி நேரத்தில் சீட்டை எடுத்துப் படிக்கும்போது, காலையில் உயிர் போகிற விஷயமாகத் தெரிந்த பாதி இப்போது சாதாரணமாகத் தெரியும். மீதியில், நாம் ஏதாவது செய்ய முடிந்ததைச் செய்யலாம்.

இனி மகளுக்கு வருகிறேன். கடிதத்தில் உங்களை அதிகம் வாட்டுவது அந்தக் கேள்விதான் என்று தெரிகிறது.

ஜேம்ஸ் சோர்ஸ், ஜோசப் காம்போஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1985இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கண்ணாடி பதித்த மேசை. அதன் ஒரு பாதியில் கண்ணாடிக்குக் கீழே தரை சற்றுத் தாழ்ந்து, பள்ளம் போலத் தெரியும். ஒரு வயதுக் குழந்தைகள் தவழ்ந்து வந்து அந்த விளிம்பில் நின்று, எதிர்ப்பக்கம் இருந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். அம்மா மலர்ந்த முகத்தோடு இருந்தபோது 19 குழந்தைகளில் 14 பேர் தாண்டி வந்தார்கள். அம்மா பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை. ஒரு வயதிலேயே இப்படி என்றால், ஒன்பது வயது மகள் உங்கள் முகத்தைப் படிக்காமல் இருப்பாளா? படிக்கிறாள். பதற்ற சுபாவத்தில் பரம்பரைக்கும் பங்கு உண்டு, அதை யாரும் வேண்டுமென்று கொடுப்பதில்லை. ஆகவே பழியை உங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். அதே கண்களால் நீங்கள் பயத்தைக் கடந்து வருவதையும் அவள் பார்ப்பாள் அல்லவா? சிரித்த முகத்தை ஒட்டவைத்துக்கொள்ளச் சொல்லவில்லை, பிள்ளைகள் அதையும் கண்டுபிடித்துவிடுவார்கள். “வேன் வரலன்னதும் அம்மாவுக்குப் பயமா இருந்துச்சு. கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன், சரியாயிடுச்சு” என்று இயல்பாகச் சொல்லுங்கள்.

“ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று கேட்டால் ஒரு முறை அன்போடு பதில் சொல்லுங்கள். மறுபடி கேட்டால், “உனக்குப் பயமா இருக்குன்னு எனக்குப் புரியுது. உன்னால அதைத் தாங்கிக்க முடியும்னும் தெரியும்” என்று சொல்லி, முதுகைத் தடவி விளக்கை அணைத்துவிடுங்கள். முதல் சில நாட்கள் அவள் அழலாம், இன்னும் அதிகமாகக் கேட்கலாம். உங்களுக்கு வயிறு கலங்கும். அப்போதும் இதே வார்த்தைகள்தான். யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் உருவாக்கிய சிகிச்சையின் மையமே இதுதான். அதில் பிள்ளை சிகிச்சைக்கு வர வேண்டியதே இல்லை, பெற்றோர் மட்டும் வருகிறார்கள். 2020இல் வெளியான ஆய்வில், பிள்ளைகளுக்கே நேரடியாக நடத்தை சார்ந்த உளச் சிகிச்சை கொடுத்தபோது குறைந்த அளவுக்கு இதிலும் அவர்களுடைய பதற்றம் குறைந்தது. நீங்கள் மாறினால் அவளும் மாறுவாள் என்று நான் நம்பிக்கையோடு சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, கவலை ஆறு மாதத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இருந்து, தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பு வரும், அதற்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். செர்ட்ராலின் போன்ற மாத்திரை தந்தால் பயப்பட வேண்டாம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

கேள்வி: என் பதினான்கு வயது மகன் சைக்கிளில் வெளியே போய்த் திரும்பும் வரை எனக்கு நெஞ்சு துடிக்கும். வந்ததும் கண்டபடி திட்டிவிடுகிறேன். இப்போது அவன் எங்கே போகிறான் என்று சொல்வதே இல்லை. என்ன செய்வது? — ஒரு தந்தை

பதில்: ஐயா, பல அப்பாக்களின் பயம் கோபமாகத்தான் வெளியே வருகிறது. மகன் காதில் விழுவது கோபம் மட்டும்தான். உங்களுக்கு நெஞ்சு துடித்தது அவனுக்குத் தெரியவே தெரியாது. அதைச் சொல்லுங்கள்: “நீ வர்ற வரைக்கும் பயந்துட்டே இருந்தேன்டா.” திட்டு வாயில் வரும் நேரத்தில், வாசலில் நிற்காமல் உள்ளே போய், மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கிச் சில முறை செய்துவிட்டு வாருங்கள். உடம்பு தணிந்த பிறகு பேசினால் குரலும் தணிந்திருக்கும்.

பிறகு ஒரு சாவகாசமான நாளில் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். எங்கே போகிறான், எத்தனை மணிக்குத் திரும்புவான், தாமதமானால் ஒரு மெசேஜ் போடுவான். இந்த மூன்றும் போதும், ஹெல்மெட் தவிர வேறு நிபந்தனை வேண்டாம். அவன் மெசேஜ் போட்டால் பதிலுக்கு ‘சரிப்பா’ என்று மட்டும் அனுப்புங்கள்.