பொதுக் கழிப்பறை கட்டித் தர்றது நகராட்சியோட கடமையா? ஃபண்டு இல்லன்னு சொன்னா என்ன பண்றது?

கேள்வி கேட்டவங்க காய்கறி மார்க்கெட்ல கடை போட்டிருக்காங்க, அங்க லேடீஸ் டாய்லெட்டே கிடையாது, நகராட்சில போய் கேட்டா "ஃபண்டு வந்தா பாக்கலாம்மா"ன்னு அனுப்பி வெச்சிடறாங்கன்னு எழுதியிருக்காங்க. நேராவே சொல்லிடறேன். கடமைதான். காசு இல்லன்னு சொல்லி அவங்க தப்பிக்கவும் முடியாது, அதை சுப்ரீம் கோர்ட் 1980லயே சொல்லிடுச்சு.

மத்தியப் பிரதேசத்துல ரத்லாம்னு ஒரு ஊர். அங்க ஒரு வார்டு ஜனங்க, சாக்கடை வசதி சரியில்ல, பக்கத்து குடிசைல இருக்கறவங்க கக்கூஸ் இல்லாம தெருவோரம் ஒதுங்கறாங்க, ஆலைக் கழிவு வேற ஓடி வருது, நாத்தமும் கொசுவும் தாங்கலன்னு மாஜிஸ்ட்ரேட் கிட்ட மனு கொடுத்தாங்க. அவரும் ஆறு மாசத்துக்குள்ள திட்டம் போட்டு இதையெல்லாம் சரி பண்ணணும்னு நகராட்சிக்கு ஆர்டர் போட்டார். நகராட்சி என்ன சொல்லிச்சு தெரியுமா, அங்க வசதி இல்லன்னு தெரிஞ்சுதானே வீடு கட்டி குடிவந்தீங்க, அப்புறம் எதுக்கு புகார்னு கேட்டுச்சு. (நம்ம ஊர்ல ரோட்டோர வியாபாரிங்களைப் பாத்து "உங்களை யாரு இங்க கடை போடச் சொன்னா"ன்னு கேக்கறாங்களே, அதே பேச்சு.) செஷன்ஸ் கோர்ட்டுல அந்த ஆர்டர் ரத்தாச்சு, ஹைகோர்ட் திரும்ப உயிர் கொடுத்துச்சு, நகராட்சி விடாம டெல்லி வரைக்கும் போய் எங்ககிட்ட பணமே இல்லன்னு கைய விரிச்சுது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதின தீர்ப்பு அது. மனுஷனோட மானமும் கண்ணியமும் பேரம் பேசற விஷயம் இல்ல, உள்ளாட்சியோட பணத்துல முதல் உரிமையே அதுக்குத்தான், சட்டம் உனக்குன்னு வெச்ச கடமைய நிதி இல்லன்னு தட்டிக் கழிக்க முடியாதுன்னு தெளிவா சொல்லிட்டார்.

அரசியல் சட்டத்துல 12வது அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு, 1992ல 74வது திருத்தம் வந்தப்ப சேத்தது, நகராட்சிங்களுக்கு என்னென்ன வேலை ஒப்படைக்கலாம்னு 18 வேலைய அதுல போட்டிருக்காங்க, 17வதுல தெருவிளக்கு, பார்க்கிங், பஸ் ஸ்டாப்போட சேத்து பொதுக் கழிப்பறையும் வருது. அந்த லிஸ்ட்டை மட்டும் வெச்சு கேஸ் ஜெயிக்க முடியாது, ஆனா "இது எங்க வேலையே இல்ல"ன்னு சொல்றவங்க வாயை அடைக்க அது போதும். 2025 ஜனவரில சுப்ரீம் கோர்ட் எல்லா கோர்ட் வளாகத்துலயும் ஆண், பெண், மாற்றுத்திறனாளி, திருநங்கை எல்லாருக்கும் கழிப்பறை இருக்கணும்னு ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு, அதுலயும் கழிப்பறை வசதிங்கறது 21வது பிரிவு தர்ற வாழ்வுரிமைக்குள்ள வர்றதுன்னு சொல்லியிருக்காங்க.

இப்ப எனக்கு ரொம்ப ஆத்திரம் வர்ற விஷயத்துக்கு வரேன். கழிப்பறையை நம்ம ஆளுங்க சேவையா பாக்கறதே இல்ல, வருமானமா பாக்கறாங்க. பஸ் ஸ்டாண்ட் கடை, சைக்கிள் ஸ்டாண்ட், மார்க்கெட் சுங்கம், இதுங்களோட வரிசைல கட்டணக் கழிப்பிடத்தையும் ஏலம் விடறாங்க, யாரு அதிகமா கேக்கறாங்களோ அவங்களுக்கு குத்தகை. அவ்வளவு பணம் கொட்டி எடுத்தவர் அதை எங்கேருந்து எடுப்பார், உள்ள போறவங்க கிட்டேருந்துதானே. நான் டெய்லர் கடை வெச்சிருக்கற தெருமுனைல இருக்கற கழிப்பிடத்துல வாசல்லயே ஒரு பிளாஸ்டிக் டேபிள், சில்லறை டப்பா, பின்னாடி சுவத்துல நகராட்சி எழுதி வெச்ச கட்டண போர்டு மேல கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கு, அதனால போர்டுல என்ன ரேட்டுன்னு யாருக்கும் தெரியாது, டேபிள்ல உக்காந்திருக்கறவர் சொல்றதுதான் ரேட்டு. ஆம்பளைங்க யூரின் போக காசு கிடையாது, பொம்பளைங்க எதுக்குப் போனாலும் காசு. மும்பைல 2011லேருந்து பெண்கள் இயக்கமா சேந்து போராடினதே இந்த அநியாயத்தை எதிர்த்துதான்.

அதை விட மோசம் நேரம். கீரைக்கட்டு, வாழையிலை கொண்டு வர்ற அக்காங்க லோடு வண்டில விடியக்காலம் மூணு மணிக்கே வந்து இறங்கறாங்க, கழிப்பிடம் திறக்கறது ஆறு மணிக்கு மேல. அவங்கள்ல ஒரு அக்கா கிட்ட டீ குடிக்கறீங்களான்னு கேட்டா வேணாம் கண்ணு, குடிச்சா போகணும்னாங்க. தண்ணியே குடிக்காம மதியம் வரைக்கும் அடக்கி உக்காந்து, கடைசில நீர்க்கடுப்பு, யூரின் இன்ஃபெக்‌ஷன்னு ஆஸ்பத்திரிக்கு கொடுக்கறது அவங்க கைக்காசுதான். இத்தனைக்கும் தெரு வியாபாரிகள் சட்டம் 2014ல, வியாபார இடத்துல செஞ்சு கொடுக்கற வசதிங்களுக்காகத்தான் பராமரிப்புக் கட்டணம் வாங்கணும்னு இருக்கு. வசதியே இல்லாம எதுக்கு துட்டு வாங்கறீங்கன்னு நீங்க தைரியமா கேக்கலாம்.

சரி, என்ன பண்ணலாம்னா, முதல்ல வாய்ல கேக்கறதை விடுங்க. பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி நகராட்சிக்கு ஒரு ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்க. உங்க வார்டுல எத்தனை பொதுக் கழிப்பறை இருக்கு, பெண்களுக்கு எத்தனை, குத்தகை ஒப்பந்த நகல், மன்றம் தீர்மானம் போட்ட கட்டணம், திறக்கற நேரம், போன வருஷம் ஏலத்துல வந்த தொகை, அதுல பராமரிப்புக்கு செலவானது எவ்வளவு, இவ்வளவும் கேளுங்க. அந்த ஏலத் தொகை பேப்பர்ல வந்துட்டா "ஃபண்டு இல்ல"ங்கற பேச்சு தானா அடங்கிடும். பதில் வந்ததும் கவுன்சிலர் கிட்ட கொடுத்து மன்றக் கூட்டத்துல பேசச் சொல்லுங்க, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துலயும் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கோங்க.

அதுக்கும் அசையலன்னா ரத்லாம் ஜனங்க போன வழி இன்னும் திறந்துதான் இருக்கு. அப்ப குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133வது பிரிவா இருந்தது 2024 ஜூலைலேருந்து அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்துல 152வது பிரிவு, பொதுத் தொல்லைய அகற்றச் சொல்லி ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) கிட்ட மனு கொடுக்கலாம். ஒரு வக்கீலை வெச்சு எழுதினா நல்லது, ரத்லாம் தீர்ப்பு நகலையும் கூடவே வெச்சிடுங்க. மனுல கட்டடம் வேணும்னு மட்டும் எழுதி நிறுத்தாதீங்க, மூணு மணிலேருந்து திறந்திருக்கணும், உள்ள தாழ்ப்பாளும் லைட்டும் தண்ணியும் நாப்கின் போட மூடி வெச்ச கூடையும் இருக்கணும், பெண்களுக்கும் யூரினுக்கு காசு வாங்கக் கூடாது, சுத்தம் பண்றவங்களுக்கு நகராட்சியே சம்பளமும் கையுறையும் கொடுக்கணும்னு ஒவ்வொண்ணா எழுதுங்க. மார்க்கெட்ல வியாபாரம் பண்ற எல்லா பொம்பளைங்க கிட்டயும் கையெழுத்து வாங்குங்க, கைநாட்டு வெச்சாலும் செல்லும்.