மனை வாங்கினீர்கள், தெரு யார் பேரில் இருக்கிறது?

கேள்வி: பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தும் சீலும் உள்ள வரைபடம் காட்டுகிறார்கள். 'பஞ்சாயத்து அப்ரூவல்' போதுமா? (வாசகர், ஒட்டன்சத்திரம்)

பதில்: போதாது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அதாவது டிடிசிபியின் அனுமதி எண் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: வீடு கட்டிக் குடிவந்து ஆறு வருடமாகிறது. தெருவிளக்கு, தார் ரோடு கேட்டால் பேரூராட்சியில் "அந்தத் தெரு எங்கள் கணக்கிலேயே இல்லை" என்கிறார்கள். மனை விற்றவர் போனை எடுப்பதில்லை. (வாசகி, உசிலம்பட்டி அருகே)

பதில்: அம்மா, நானும் இதில் மாட்டியவன். 2008-ல் ஒரு மனை வாங்கினேன். சுண்ணாம்புக் கோடு போட்டு இதுதான் 20 அடி ரோடு என்று காட்டினார்கள், நம்பினேன். குடிபோன இரண்டாவது மழைக்காலத்தில் என் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கால் சேற்றில் நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனோம். அடுத்த வாரம் அலுவலகத்துக்குப் போனால், எழுத்தர் சாலைப் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். எங்கள் தெரு அதில் இல்லை. நிலம் இன்னும் விற்றவர் பேரில்தான் இருந்தது.

மனைப்பிரிவு போடுகிறவர் தெருக்களை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். அதுவரை அது தனியார் நிலம். தனியார் நிலத்தில் அரசுப் பணத்தைப் போட்டு ரோடு போட முடியாது என்று அதிகாரி சொன்னால் அதில் தப்பில்லை. தப்பு, இதைச் சொல்லாமல் நம்மிடம் காசு வாங்கியவருடையது. குழாய்த் தண்ணீர் வரும், பஸ் ஸ்டாண்ட் பக்கம் என்றெல்லாம் நோட்டீஸ் அடிக்கிறார்கள், தானப் பத்திர எண்ணை மட்டும் யாரும் அடிப்பதில்லை. நாமும் மனையின் பத்திரத்தை நான்கு வக்கீலிடம் காட்டுகிறோம், வாசலில் இருக்கும் தெருவின் பத்திரத்தைக் கேட்பதில்லை.

இப்போது செய்ய வேண்டியது: உங்கள் மனைப்பிரிவின் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் வரும். வந்துவிட்டால் அதன் நகலை வைத்து, தெருவாசிகள் எல்லோரும் கையெழுத்திட்டுச் செயல் அலுவலரிடம் மனு கொடுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வில்லங்கச் சான்றில் தானப் பத்திரம் வரவில்லை, அனுமதியும் இல்லாத மனைப்பிரிவு என்றால், அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் 2017 வரன்முறை விதிகள்தான் வழி. 20.10.2016-க்கு முன் விற்ற மனைகளுக்கு அது. கெடுவைப் பலமுறை நீட்டித்திருக்கிறார்கள், இன்றைய நிலையைப் பேரூராட்சியில் நேரில் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், தெருவோடு போங்கள்.

கேள்வி: 2012-ல் பதிவான அனுமதியில்லாத மனை. மறுபடி பதிவாகும், அதனால் பயமில்லை என்கிறார் புரோக்கர். (வாசகர், பல்லடம்)

பதில்: பதிவு ஆகும். ஏற்கெனவே வீட்டு மனையாகப் பதிவானதை மறுபடி பதிய சட்டம் இடம் தருகிறது. ஆனால் வரன்முறை செய்யாமல் கட்டட அனுமதி கிடைக்காது. பத்திரம் பதிவதும் வீடு கட்டுவதும் வேறு வேறு வேலை. வரன்முறைச் செலவு யாருடையது என்று விலை பேசும்போதே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஊரில் எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் மாஸ்டர் பிளானில் என் மனை விவசாய மண்டலம். "குடியிருப்பா மாத்தித் தர்றேன்" என்றார் புரோக்கர், 2 லட்சம் கொடுத்துவிட்டேன். ரசீது இல்லை. (வாசகர், தேனி)

பதில்: விவசாய மண்டலம் என்று தெரிந்தும் ரசீதில்லாமல் எப்படிக் கொடுத்தீர்கள்? நிலப் பயன்பாட்டு மாற்றம் புரோக்கர் கையில் இல்லை, அது அரசு உத்தரவாக வர வேண்டும். பணம் வங்கி வழியாகப் போயிருந்தால் அந்தக் கணக்கு விவரத்தை எடுத்துக்கொண்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், கொடுத்தபோது கூட இருந்தவரை இன்றே பிடியுங்கள்.

கேள்வி: வரைபடத்தில் பூங்கா என்று காட்டிய இடத்தில் இப்போது கல் நட்டு விற்கிறார்கள். நாங்கள் எல்லாம் ஏமாந்தவர்களா? (வாசகி, மேலூர்)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதம் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாகப் போக வேண்டும், அதை விற்க அவருக்கு உரிமை கிடையாது. ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான திட்டமென்றால், மனை வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்துமூலம் சம்மதிக்காமல் வரைபடத்தை மாற்றவே முடியாது. அனுமதி வரைபட நகல், கல் நட்ட போட்டோ இரண்டையும் வைத்து ரெராவிலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் ஒரே நாளில் புகார் கொடுங்கள். அடுத்தவர் பணம் கட்டுவதற்குள் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊருக்குப் புது மாஸ்டர் பிளான் வரைவு வந்திருக்கிறது. எங்கள் தெரு வணிக மண்டலமாம். எதிர்க்க முடியுமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: முடியும். அறிவிப்பு வந்த நாளிலிருந்து குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும் என்பது சட்டம். வாயால் சொல்லாதீர்கள், சர்வே எண் போட்டு எழுதிக் கொடுத்து முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள்.