சண்டை போடாமலே ஒரு பிரிவு

கேள்வி: கணவன், மனைவி உறவு வருடக்கணக்கில் கசந்துபோவதை என் குறும்படத்தில் இரண்டு நிமிடத்துக்குள் காட்ட வேண்டும். ‘சிட்டிசன் கேன்’ காலை உணவுக் காட்சியைப் பார் என்கிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது? (வாசகர், தேனி)

பதில்: ஆர்சன் வெல்ஸ் இயக்கி 1941-ல் வந்த படம், எடிட்டர் ராபர்ட் வைஸ். பத்திரிகை அதிபர் கேன், அவர் மனைவி எமிலி, இவர்களின் பல வருட வாழ்க்கை ஆறு காலை உணவுகளில் முடிந்துவிடுகிறது. தொடக்கத்தில் இருவரும் ஒரே ஃபிரேமில் நெருக்கமாகக் கொஞ்சிக்கொள்கிறார்கள். பிறகு ஆளுக்கொரு ஷாட். பேச்சு குத்தலாகி, கடைசியில் பேச்சே இல்லை. எமிலி கையில் கணவனின் போட்டிப் பத்திரிகை! கேமரா பின்வாங்கும்போதுதான் நீண்ட மேசையின் இரு முனைகளில் அவர்கள் உட்கார்ந்திருப்பது தெரிகிறது.

அந்த நீளத்தைக் கடைசிவரை ஒளித்துவைத்ததில்தான் சாமர்த்தியம். எடுத்த எடுப்பிலேயே மொத்த இடமும் தெரியும் வைட் ஷாட்டில் மேசையைக் காட்டிவிட்டால் முடிவில் திறக்க ஒன்றும் மிஞ்சாது. முதலில் இருவரும் சேர்ந்திருக்கும் டூ ஷாட், அடுத்த காலையில் ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவரைக் காட்டும் சஜஷன் ஷாட், அதன்பின் முகத்தை மட்டும் காட்டும் தனித்தனி க்ளோஸ் என்று படிப்படியாகப் பிரியுங்கள். கடைசி வைடுக்குக் கேமராவை மேசையின் நீளவாக்கில் வைப்பதானால் 24 அல்லது 28 எம்எம் லென்ஸ் போடுங்கள். தூரம் கூடித் தெரியும். தள்ளி நின்று 85 எம்எம் லென்ஸில் எடுத்தால் இருவரும் ஒட்டி உட்கார்ந்ததுபோல் ஆகிவிடும்.

கேள்வி: காலம் தாவ ஸ்விஷ் பான் (படம் கலங்கும் வேகத்தில் கேமராவைப் பக்கவாட்டில் திருப்புவது) எடுத்தோம். எடிட்டில் ஒட்டவே இல்லை. (வாசகர், சேலம்)

பதில்: பெரும்பாலும் திசையோ வேகமோ மாறியிருக்கும். முதல் காட்சி இடமிருந்து வலமாகப் பான் ஆகி முடிந்தால், அடுத்ததும் அதே திசையில் பான் ஆகி வந்து நிற்க வேண்டும். இரண்டிலும் படம் முழுக்கக் கலங்கியிருக்கும் ஃபிரேமில் வெட்டுங்கள். ஷட்டரையும் பாருங்கள்: விநாடிக்கு 24 ஃபிரேம் எடுத்தால் ஷட்டர் 1/50 விநாடி சரி. பகல் வெளிச்சத்துக்குப் பயந்து 1/500 வைத்தால் கலங்கல் வராது, தட்தட்டென்று துள்ளும். வெளிச்சத்தை, லென்ஸ் முன் போடும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டரால் குறையுங்கள்.

கேள்வி: வசனத்தை எங்கே கட் செய்வது? (வாசகர், புதுச்சேரி)

பதில்: இதுபோன்ற தம்பதி காட்சியில், இருவரும் அன்பாக இருக்கும்வரை, ஒருவர் பேசும்போதே கேட்பவர் முகத்துக்குப் போய்விடுங்கள். கசப்பு ஏற ஏற, பேசியவர் முகத்திலேயே வசனம் முடிந்தபிறகும் 10, 12 ஃபிரேம் நில்லுங்கள். பதில் வராத அந்த அரை விநாடி போதும். ஆனால் அங்கே சத்தம் அடியோடு அறுந்தால் ஆடியோ கோளாறு என்றே நினைப்பார்கள். ஷூட்டிங் இடத்தில் எல்லோரையும் வாய்மூடச் சொல்லி 30 விநாடி வெறும் அறைச் சத்தம் பதிவு செய்து, இடைவெளிகளுக்கு அடியில் போடுங்கள். கரண்டி தட்டில் படும் ஒலியைத் தனியாக எடுத்துச் சற்றே தூக்கிவையுங்கள். அழுகை வயலின் வேண்டவே வேண்டாம்.