மழை நாளில் அம்மாவோடு லண்டன்

கேள்வி: நவம்பரில் அம்மாவை லண்டனுக்கு அழைத்துப் போகிறேன். அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி உண்டு. பார்க்க வேண்டியவை என்று ஒன்பது இடங்களை எழுதி வைத்திருக்கிறேன். அம்மாவோ இப்போதே, "மழை பெஞ்சா நான் ரூம்லயே இருந்துக்கறேன், நீ மட்டும் போய்ட்டு வா" என்கிறார். இவ்வளவு செலவு செய்து கூட்டிப்போய், அவரை அறையில் விட்டுவிட்டு நான் எப்படி ஊர் சுற்றுவது? - ஒரு வாசகி, திருச்சி

பதில்: அம்மா சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊர் பார்க்க அவருக்கும் ஆசைதான். தன் முட்டியால் உங்கள் பயணம் கெட்டுவிடக் கூடாதே என்ற கவலையில் ஒதுங்கிக்கொள்கிறார். கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு உட்காருகிற அதே குணம். "நீங்க வரலைன்னா நானும் போகல" என்று மல்லுக்கு நிற்காமல், மழை நாளுக்கு அந்த ஒன்பதை ஒன்றாகக் குறைத்துவிடுங்கள். கூரை, உட்கார இடம், கழிவறை மூன்றும் இருக்கிற ஒரே இடம் போதும். அரண்மனைக் காவலர் மாறும் அணிவகுப்பைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பலத்த மழை என்றால் அதை ரத்தே செய்துவிடுவார்கள். லண்டன் ஐ ராட்டினமும் மழையில் வீண் செலவு.

என் பரிந்துரை பிரிட்டிஷ் மியூசியம். அனுமதி இலவசம், நேரம் குறித்த இலவசச் சீட்டை முன்பே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். முன்வாசலில் பை சோதனைக்கு வரிசை நீளும். பின்பக்கம் மான்டெகு பிளேஸ் வாசலில் பெரும்பாலும் அவ்வளவு கூட்டம் இருக்காது. சக்கர நாற்காலியும் இலவசமாகத் தருகிறார்கள். அம்மா வேண்டாம் என்பார்; "கால் வலிச்சா மட்டும் உக்காருங்க, அதுவரைக்கும் பையை அதுல வச்சுக்கலாம்" என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

நேராக 33-ம் எண் அறைக்குக் கூட்டிப்போங்கள். சுமார் 1100-ம் ஆண்டைச் சேர்ந்த நம் சோழர் கால நடராஜர் அங்கே இருக்கிறார். ஒட்டினாற்போல் உள்ள அறையில் ஆந்திராவின் அமராவதி பௌத்த ஸ்தூபியிலிருந்து வந்த சிற்பங்கள். அவற்றின் இன்னொரு பகுதி நம் எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது. நான் கூட்டிப்போன என் பெரியம்மா, நடராஜரைப் பார்த்ததும் குனிந்து ஷூவைக் கழற்றப் போனார். பூ இல்லை, விளக்கு இல்லை என்று அவருக்குத் தாங்கவில்லை. உங்கள் அம்மாவுக்கும் கோபமோ கண்ணீரோ வரலாம். சமாதானம் சொல்ல அவசரப்படாதீர்கள், எத்தனை நேரம் நின்றாலும் நிற்கட்டும். அப்புறம் நடுமுற்றத்துக்கு வாருங்கள். 2000-ல் திறந்த பெரிய கண்ணாடிக் கூரை அது. காபி வாங்கிக்கொண்டு, தலைக்கு மேல் மழை விழுவதை நனையாமல் பார்க்கலாம். பழைய எகிப்திய எழுத்தைப் படிக்க வழிகாட்டிய ரோசெட்டா கல்லைச் சுற்றி எப்போதும் கூட்டம்தான். தெம்பு இருந்தால் போங்கள்.

மழையைப் பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம். சென்னையில் ஓர் ஆண்டில் பெய்வதில் பாதிகூட லண்டனில் பெய்யாது. பெரும்பாலும் விட்டு விட்டு விழும் தூறல். படுத்துவது குளிர்காற்றுதான். காற்றுக்குக் குடை மடங்கிவிடும், அதோடு அம்மாவுக்கு உங்களைப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். தொப்பி வைத்த மழைக்கோட்டே மேல். புடவைதான் என்றால் சீக்கிரம் காயும் சிந்தெடிக் புடவையைக் கணுக்கால் தெரியக் கட்டச் சொல்லுங்கள், பாவாடைக்குள் தெர்மல் லெக்கிங்ஸ். ஷூவை இப்போதே வாங்கி மொட்டைமாடியில் நடந்து பழகட்டும். கைப்பையில் மாற்றுச் சாக்ஸ் ஒரு ஜோடி கட்டாயம்.

சுரங்க ரயில் நிலையங்கள் பலவற்றில் படிக்கட்டு அதிகம், பஸ்ஸில் போங்கள். லண்டனின் பிம்லிகோ பகுதியிலிருந்து வரும் 24-ம் எண் பஸ் நாடாளுமன்றம், ட்ரஃபால்கர் சதுக்கம் வழியாக மியூசியம் பக்கம் வரும். பாதி லண்டன் ஜன்னலிலேயே முடிந்துவிடும். கண்ணாடியில் ஆவி படியும், துடைக்கக் கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். மாடிக்கு ஏற வேண்டாம். ஓடுகிற பஸ்ஸில் அந்தப் படி ஆபத்து. பஸ்ஸில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், ஒரே கார்டில் இரண்டு பேருக்கும் கட்ட முடியாது. அம்மாவுக்குத் தனி கார்டு வேண்டும்.

சாப்பாட்டுக்கு யூஸ்டன் ஸ்டேஷனை ஒட்டிய டிரம்மண்ட் தெருவில் இந்தியச் சைவ ஓட்டல்கள் இருக்கின்றன. மியூசியத்திலிருந்து டாக்ஸியில் கொஞ்ச தூரம்தான். நவம்பரில் நாலரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், அதற்கு முன்பே அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

அதன் பிறகு நீங்கள் தனியாகக் கிளம்பலாம். வெள்ளிக்கிழமை என்றால் அதே மியூசியம் இரவு எட்டரை வரை திறந்திருக்கும். விட்டுப்போனதையெல்லாம் நிதானமாகப் பார்த்து வாருங்கள். நடராஜரைப் பார்த்த கதையை அம்மா ஊருக்கு வீடியோ காலில் சொல்லிக்கொண்டிருப்பார். உங்களைத் தேடவே மாட்டார்.